ஞாயிற்றுக்கிழமை மாற்றிய சந்தாக்கள்

அந்த அலுவலகத்தை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. என் குரல் மட்டும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறது. கடலில் யாராவது சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கரையில் அவர்கள் வீட்டுப் போன் அடிக்கும். எடுத்தால் நான் பேசுவேன். “வணக்கம். உங்கள் படகிலிருந்து உதவி கேட்டிருக்கிறார்கள். பதறாமல் கேளுங்கள்” என்று ஆரம்பித்து, படகு நிற்கும் இடத்தைச் சொல்லி முடிப்பேன். குரலுக்கென்று தனியாக ஆள் பிடிப்பானேன் என்று, தொண்டை கட்டாமல் இருந்த என்னை உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். சத்தம் வரக்கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து ஒன்பது தடவை சொன்னேன். அப்போது பெருமையாக இருந்தது. இப்போது யாரோ ஒருவர் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாலே கையிலிருக்கிற வேலை நின்றுவிடுகிறது. கேட்டிருக்க வேண்டிய ஒரு வீட்டில் அது கேட்காமல் போன நாளை நினைத்தால் அதைவிட மோசம்.

துறைமுகம் போகும் ரோட்டில் ஒரு டயர்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கன்டெய்னர் லாரி போனால் மேஜை ஆடும். மொத்தம் ஏழு பேர். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைப் படகில் மாட்டிக் கொடுப்போம். செல்போன் சிக்னல் எட்டாத இடத்திலும் அது சாட்டிலைட் வழியாகப் பேசும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படகு எங்கே நிற்கிறது என்று சொல்லும். ஆபத்து என்றால் அமுக்க ஒரு பொத்தானும் உண்டு. மற்றதெல்லாம், யார் படகு, யாரைக் கூப்பிட வேண்டும், என்ன சந்தா என்பதெல்லாம், கிளவுடில் இருக்கும்.

அலுவலகத்தை நடத்தியவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் வாந்தி. கடலைக் கண்டால் ஆகாதவர் கடல்காரர்களிடம் வியாபாரம் செய்கிறாரே என்று நாங்கள் கேலி செய்தால், சவப்பெட்டி செய்கிறவன் செத்துப் பார்த்துவிட்டா செய்கிறான் என்று கேட்பார். கடல் சம்பந்தமாக எது என்றாலும் என்னைத்தான் கேட்பார். நான் கடற்கரை வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். அப்பா சங்கு குளித்தவர். அதனால் அந்த மாடியில் நான் சொல்வதுதான் கடலுக்குச் சட்டம். எனக்கு மண்டைக்கனம் கொஞ்சம் உண்டு, அவர் அதற்கு எண்ணெய் ஊற்றி வளர்த்துவிட்டார்.

சங்கு குளிக்கிறவன் தன் இடுப்புக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டான். மேலே படகில் கயிறு பிடிப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும், அதாவது மனைவியின் உடன்பிறந்தவன். மற்றவன் என்றால் கண்ணயர்ந்துவிடலாம், பீடி பற்றவைக்கலாம், பழைய பகையைக்கூட மனதில் வைத்திருக்கலாம். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க வைக்க எவனுக்கும் கை வராது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கை. முத்துக் குளித்த காலத்து வழக்கம் இது. முத்து போய்விட்டது, சங்குதான் இருக்கிறது. கயிற்றோடு கம்ப்ரசர் காற்றுக் குழாயும் சேர்ந்துகொண்டது. மச்சானை மட்டும் யாரும் மாற்றவில்லை. எங்களிடமும் இந்த வழக்கம்தான், காயல்பட்டினத்து முஸ்லிம் குளியாட்களிடமும் இதுதான். எங்கள் விண்ணப்பத்தில் ‘படகில் பொத்தானுக்குப் பொறுப்பு யார்’ என்று ஒரு கட்டம் உண்டு. சங்குப் படகு என்றால் அதில் மச்சான் பெயர் இருக்கும். ‘கரையில் யாரைக் கூப்பிட வேண்டும்’ என்ற கட்டத்தில் மனைவியின் போன் நம்பர் இருக்கும். அண்ணன் அமுக்கினால் தங்கைக்கு, தம்பி அமுக்கினால் அக்காவுக்கு அடிக்கும்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய பிளான். அதை எடுத்துவிட்டு அண்ணாச்சி மூன்று புதிய பிளான்கள் போட்டார். சாதா, நடுத்தரம், முழுசு என்று பெயரும் அவரே வைத்தார், டீக்கடைப் பலகையில் எழுதுவது மாதிரி. பழையதில் இருந்த இருநூற்றுச் சொச்சம் சந்தாக்களையும் புதியதற்கு மாற்றுவது என் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் கிளவுடில் ஒரு சந்தாவை அப்படியே தூக்கி இன்னொரு பிளானில் வைக்க எங்களால் முடியவில்லை. பழைய சந்தாவை ரத்து செய்ய வேண்டும், புதியதைத் தொடங்க வேண்டும், படகிலுள்ள கருவியைப் புதியதோடு இணைக்க வேண்டும். ரத்துக்கும் தொடக்கத்துக்கும் நடுவில் அந்தக் கருவி யாருக்கும் சொந்தமில்லை. அந்த நேரத்தில் அது என்ன கத்தினாலும், உனக்குச் சந்தா இல்லை என்று கிளவுடு திருப்பி அனுப்பிவிடும்.

ஒவ்வொரு படகாக மாற்றினால் இந்த இடைவெளி ஒரு நிமிடம்தான். எல்லாவற்றையும் மொத்தமாக ரத்து செய்துவிட்டு மொத்தமாகத் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், ஆனால் என் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். மாற்றம் இப்போதேயா, தவணை முடியும்போதா என்று திரையில் ஒரு கேள்வி வந்தது. ‘இப்போதே’ என்ற வட்டத்தில் புள்ளி வைத்தேன். எனக்கு எதையும் இழுத்துக்கொண்டு கிடப்பது பிடிக்காது.

எந்த நாளில் செய்யலாம் என்பதுதான் மிச்சம். அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து கேட்டார்.

“ஏளா, எந்த நாள்ல கடல்ல ஒரு போட்டும் கெடக்காது?”

“ஞாயித்துக்கெழம அண்ணாச்சி” என்றேன். மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஞாயிறு என்றால் கடலுக்கு விடுமுறை. காலையில் பூசை, மதியம் கறி, பிறகு தூக்கம். படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக ஏறிக் கிடக்கும். அன்றைக்குக் கடலுக்குப் போகிறவனைச் சாமியார்கூடத் திட்ட வேண்டியதில்லை, தெருவே திட்டிவிடும். காயல்பட்டினத்தில் ஓய்வு வெள்ளிக்கிழமை, ஞாயிறு அவர்களுக்கு மற்றுமொரு வேலை நாள் என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? அந்த ஊர்ப் பிள்ளைகளோடுதான் கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போனேன். எல்லாம் தெரியும். ஆனால் கேள்வி வந்ததும் வாயில் வந்தது என் வீட்டு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தெந்தப் படகு போகிறது என்று எங்கள் பதிவிலேயே ஒரு வரியில் கேட்டிருக்கலாம், நொடியில் பட்டியல் வந்திருக்கும். கடல்காரி கடலைப் பற்றி மிசினிடம் கேட்பதா என்ற திமிர். அண்ணாச்சியும் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிப் பூசையைப் பார்த்துவிட்டு நேராக மாடிக்குப் போனேன். பதினொரு மணிக்கு எல்லாப் பழைய சந்தாக்களையும் ரத்து செய்தேன். வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு அகர வரிசையில் புதிய சந்தாக்களைத் தொடங்கினேன். நடுவில் ஒரு டீ குடித்தேன். பன்னிரண்டு பதினாறுக்குக் கடைசிப் படகும் புதிய பிளானில் ஏறிவிட்டது. பன்னிரண்டு இருபதுக்கு எல்லா வாடிக்கையாளர் போனுக்கும் ஒரே செய்தி போயிற்று: ‘வாழ்த்துகள்! உங்கள் படகு இப்போது புதிய பிளானில்.’ ஆச்சரியக்குறி நான் போட்டது. வீட்டுக்குப் போய் அம்மா வைத்திருந்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை, திருப்பி அனுப்பப்பட்டவை என்ற பட்டியலைத் திறந்தேன். சந்தா இல்லாத நேரத்தில் கருவிகள் அனுப்பியதெல்லாம் அங்கே பதினான்கு நாள் கிடக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். கரையில் கிடந்த படகுகளின் வழக்கமான இடச் செய்திகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே மூன்று வரிகள் சிவப்பாக இருந்தன. பதினொன்று முப்பத்தெட்டு. பதினொன்று நாற்பத்தொன்று. பதினொன்று ஐம்பத்திரண்டு. மூன்றும் ஒரே படகிலிருந்து வந்தவை. மூன்றும் பொத்தான். படகு நின்ற இடத்தைப் பார்த்தேன், கரை அல்ல. கருவியில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படகின் மச்சான் அலுவலகத்துக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். கருவியைப் படகிலிருந்து கழற்றி ஒரு துண்டில் பொதிந்து, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் பிடித்திருந்தார். அண்ணாச்சிக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அக்கா வீட்டுக்காரர் சங்கு குளித்துவிட்டு மேலே வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். கிளப்பப் பார்த்தால் இன்ஜின் பிடிக்கவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு, இதோ யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். யாரும் வரவில்லை. ஒரு மணிக்கு மேல்தான் இன்ஜின் பிடித்ததாம், அதற்குள் உயிர் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டாராம்.

அவர் எங்களைக் குறை சொல்ல வரவில்லை. கேட்டது ஒன்றுதான்.

“நான் அமுக்குனது இதுல தெரியுமா அண்ணாச்சி? அமுக்கலேன்னு சொல்லுதாவ. பயந்துபோயி சும்மா உக்காந்துட்டேன்னு சொல்லுதாவ. லாத்தாவும் அதத்தான் நம்புதா.”

அக்காவைக் காயல்பட்டினத்தில் லாத்தா என்பார்கள். அண்ணாச்சி உதவி அழைப்புகள் பக்கத்தைத் திறந்து அந்த ஞாயிறைத் தேடினார். வெள்ளையாக இருந்தது. இங்கன ஒண்ணும் பதிவாகலையே தம்பி என்று தன்மையாகச் சொன்னார். அவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அந்த மூன்று வரிகளும் என் திரையில் ஒரு சொடுக்குத் தூரத்தில் இருந்தன. நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்தேன். என்ன தட்டச்சு செய்தேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை, வெறும் எழுத்துகள். அவர் கருவியை மறுபடி துண்டில் பொதிந்துகொண்டு படியிறங்கினார்.

அவர் போன பிறகு அண்ணாச்சியிடம் சொன்னேன். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஏழு குடும்பம் இதில் சாப்பிடுகிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பதிவுல இல்லன்னுதான சொன்னோம், அது பொய்யில்லையே” என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொல்லித்தான் வாயை மூடினேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் சொன்னது வசதியாகப் போயிற்று.

பதின்மூன்றாம் நாள், பட்டியல் அழிவதற்கு முன்னால், மூன்று வரிகளையும் கையால் எழுதி எடுத்தேன். வீட்டில் கிழித்து வைத்திருந்த தினக் காலண்டரின் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாள்தான் கையில் இருந்தது, அதன் முதுகில் எழுதி செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். மறுநாள் பட்டியல் காலியாக இருந்தது. உலகத்தில் அந்த மூன்று அழுத்தல்களும் இப்போது அந்தத் தாளில் மட்டும் இருந்தன.

அதன் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போயிற்று. பதினொன்றரை தாண்டினால் அடுப்படியில் கறி தாளிக்கிற வாசனை வரும், என் கை தானாகப் போனைத் தேடும். அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எல்லா வீட்டுப் போன்களுக்கும் சோதனை அழைப்பு போகும், எனக்கும் ஒன்று வரும். பதறாமல் கேளுங்கள் என்று என் குரல் ஆரம்பித்ததும் வைத்துவிடுவேன். வரைபடத்தில் அந்தப் படகின் அன்றைய பாதையைத் திறந்து திறந்து பார்ப்பேன். பதினொரு மணிக்கு நிற்கிற கோடு பன்னிரண்டு பதினாலுக்கு மறுபடி தொடங்கும். நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றே கால் மணி நேரம் அந்தப் படகும் அதிலிருந்தவர்களும் எங்கேயும் இல்லை. அன்றைக்கு ஞாயிறு. பக்கத்து ஊர்க் கரை முழுக்க எங்கள் ஆட்களின் படகுகள் சும்மா கிடந்தன. ஒரு போன் போயிருந்தால் இருபது படகு இறங்கியிருக்கும். அதை நினைக்காமல் நான் ஒருநாளும் பூசைக்குப் போனதில்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். அந்தச் சந்தா இன்னும் இறந்தவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது, மாதாமாதம் அந்த அம்மாவின் போனுக்கு நம் செய்தி போகிறது, அதை முறையாக முடிக்க வேண்டும் என்றார். முடிக்க நேரில் போய், அந்தப் போனுக்கு வரும் ரகசிய எண்ணை வாங்கிப் போட வேண்டும். அந்த அம்மா இத்தாவில் இருந்தார், கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற முறை. எங்கள் அலுவலகத்தில் பெண் நான் ஒருத்திதான். அதனால் நான்தான் போக வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போனேன். பஸ் முழுக்கத் திருச்செந்தூருக்குப் போகிற கூட்டம், காயல்பட்டினத்தில் நான் மட்டும் இறங்கினேன். அந்த ஊரில் பெரிய தெருக்களுக்கு நடுவே பெண்கள் நடக்கவென்று தனி முடுக்குகள் உண்டு. முடுக்குப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாவே திறந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கழுத்தில் கல்யாணக் கருகமணி இல்லை. நான் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, இன்ன விஷயமாக வந்தேன் என்றேன். அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

“இந்தக் கொரல எனக்குத் தெரியும்” என்றார். “மாசாமாசம் போன்ல வருவீங்கள்லா. பதறாம கேளுங்கன்னு.”

அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொன்னார். அந்த வீடு அவர் வீடு. அந்த ஊரில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள், கல்யாணம் முடிந்தால் ஆண்பிள்ளை மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். தம்பி பிறந்து வளர்ந்ததும் இந்த வீட்டில்தான். இத்தாவில் இருக்கிற அக்காவை அவர் வந்து பார்க்க எந்தத் தடையும் இல்லை. அக்காதான் தெருப் பக்கத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

போனுக்கு வந்த எண்ணை வாங்கிப் போட்டேன். சந்தா முடிந்தது. இரண்டு நிமிட வேலை. எழுந்திருக்கப் போனவளிடம் அவர் போனை நீட்டினார். அந்த ஞாயிறு பன்னிரண்டு இருபதுக்கு வந்த செய்தி. வாழ்த்துகள், ஆச்சரியக்குறியோடு. அவர் அதை அழிக்கவில்லை.

“அன்னைக்கு உங்க கம்பெனிலேர்ந்து இது வந்திச்சி. அப்ப போன் நல்லாத்தான இருந்திருக்கு? அவன் அமுக்கியிருந்தா உங்க கொரலும் வந்திருக்கணும்லா?” என்று கேட்டார். “மிசினுக்கு எங்க ரெண்டு பேர்ல யாரு மேலயும் கோவம் கெடையாது. நீங்க சொல்லுங்க. அமுக்குனானா, இல்லையா?”

என் பைக்குள் செபப் புத்தகம் இருந்தது. அதற்குள் தாள் இருந்தது.

“பதிவுல ஒண்ணும் இல்ல லாத்தா” என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். அப்படியானால், தான் கதவைத் தாழ் போட்டது சரிதான் என்றார். எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

முடுக்கு வழியே எப்படித் தெருவுக்கு வந்தேன் என்று தெரியாது. ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டின் தெருக் கதவுக்கு எதிரே ஒரு கடை வாசலில் தம்பி நின்றிருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் தொழுதுவிட்டு அங்கே வந்து நிற்பாராம், கடைக்காரர் பிறகு சொன்னார். என்னை அடையாளம் கண்டு வேகமாக வந்தார். பொத்தானைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று பயந்து பதிலைத் தயார் செய்தேன்.

“லாத்தா சாப்புடுதாளா மேடம்? ரொம்ப மெலிஞ்சிட்டாளோ?” என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது. தெருவென்று பார்க்காமல் அழுதேன். பிறகு பையைத் திறந்து காலண்டர் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஞாயிறு என்று நான் சொன்னதையும், மொத்தமாக ரத்து செய்ததையும், அவர் அமுக்கிய நேரத்தில் அவர் படகுக்குச் சந்தாவே இல்லாமல் இருந்ததையும், செவ்வாய்க்கிழமை பக்கத்து மேஜையில் நான் ஊமையாக உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நேரங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பின்னால் திருப்பிப் பார்த்தார், தேதி இருந்தது. மறுபடி முன்னால் திருப்பினார்.

“மூணுதான் இருக்கு” என்றார். “நான் நாலு தடவ அமுக்குனேன் மேடம்.”

இல்லை, மூன்றுதான் வந்தது என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

“நாலாவது, மச்சானுக்கு மூச்சு நின்ன பொறவு. எதுக்குன்னு தெரியல, கை போயி அமுக்கிச்சி” என்றார். தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். “இத லாத்தாட்ட சொல்லுவீங்களா?”

மறுபடி முடுக்குக்குள் போனேன். கதவு திறந்ததும் வாசலிலேயே நின்று சொன்னேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று. கொஞ்ச நேரம் முன்னால் நான் சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாழ்த்துச் செய்தியை எழுதியதும் நான்தான் என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், நேரங்களை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

“பதினொண்ணு முப்பத்தெட்டு. பதினொண்ணு நாப்பத்தொண்ணு. பதினொண்ணு அம்பத்திரண்டு.”

சொல்லும்போதே எனக்குப் புரிந்தது, அன்றைக்கு இந்தக் காதுக்குள் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. பதிவு செய்த குரல் போலவே, ஏற்ற இறக்கம் இல்லாமல்தான் அது வந்தது.

“அப்ப நான் மீன் அரிஞ்சிக்கிட்டு இருந்தேன்” என்றார். “போனு பக்கத்துலதான் கெடந்திச்சி.”

உள்ளே எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“தம்பி வெளியதான் நிக்கிதானா? என்ன சொல்லுதான்?”

“நாலு தடவ அமுக்குனேன்னு சொல்றாங்க லாத்தா.”

“உங்க மிசின்ல எத்தன?”

“மூணு.”

அவர் கையிலிருந்த போனை ஒரு முறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப நாலுதான்” என்றார். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெருப் பக்கத்துக் கதவுக்குப் போய், அதன் பின்னால் ஒதுங்கி நின்று தாழ்ப்பாளை எடுத்தார்.